நிலமும் பொழுதும்: ஓர் அகலக்கோண லென்ஸை முன்வைத்து

நம் சிற்றிதழ்களின் அட்டைகளிலும் புகைப்படக் கண்காட்சிகளிலும் ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். ஒரு மூதாட்டியின் முகம். சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி, காதில் தண்டட்டி. முகத்துக்குப் பின்னால் இருந்தவை எல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கரைந்து பஞ்சுபோல் ஆகியிருக்கும். அவர் அமர்ந்திருந்தது திண்ணையிலா, வயல் வரப்பிலா, அரசு மருத்துவமனை வாசலிலா, அது காலையா மாலையா என்று படத்தைக் கேட்டால் விடை கிடைக்காது. அழகான படம்தான். ஆனால் யாருடைய படம்?

இவ்வகைப் படங்களை எடுக்கும் நண்பர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இதற்கு நேர் எதிர்த்திசையில் நம்மை இட்டுச்செல்லும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை. அகலக்கோணம் கொண்டதும், பெரிய துளை உடையதும், குவியத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்ய வேண்டியதுமான லென்ஸ் அது. இம்மூன்று பண்புகளும் ஒன்றாய் அமைந்த லென்ஸ்தான் நம் நிகழ்த்துகலைகளை, குறிப்பாக விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை, ஆவணப்படுத்த விழைவோர் கையில் முதலில் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. படம் அழகாக வரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எதை விட்டுவிடக் கூடாதோ அதை விட்டுவிடாமல் இருக்க இந்த லென்ஸ் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது என்பதே காரணம்.

எதை விட்டுவிடக் கூடாது என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் போன்ற மன ஒழுக்கங்கள் உரிப்பொருள். இம்மூன்றும் வரிசையில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றும் இலக்கணம் கூறும். அப்படியானால் உரிப்பொருள்தானே உயர்ந்தது, முகத்தை மட்டும் எடுத்தால் என்ன குறை என்று ஒரு மாணவர் கேட்கலாம். வகுப்பில் கேட்டும் இருக்கிறார்கள்.

விடை அகப்பாடலின் இன்னொரு மரபில் இருக்கிறது. அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது. பெயரில்லாத ஒருத்தியின் துயரம் நமக்கு ஒரு குறிப்பிட்ட பெண்ணின் துயரமாகத் தோன்றக் காரணம், அவள் நிற்கும் கடற்கரையும், அந்த மாலையும், அங்கே மணக்கும் தாழையும், கூடு திரும்பும் நாரையும்தான். பெயரை எடுத்துவிட்ட இடத்தில் நிலமும் பொழுதும் வந்து நிற்கின்றன. நம் மூதாட்டியின் படத்திலும் பெயர் இல்லை. படத்தை எடுத்தவர் பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார். பெயரும் இல்லை, நிலமும் இல்லை, பொழுதும் இல்லை என்றால் எஞ்சுவது தோலின் சுருக்கம் மட்டுமே. அது அவருக்கு மட்டும் உரியதன்று, முதுமை அடைந்த எவருக்கும் உரியது.

இனி லென்ஸுக்கு வருவோம். இந்தத் துறைக்குப் புதியவர்கள் பொருட்டுச் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறோம், தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

24 x 36 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டகக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகைக் கோணத்தைக் காணும். 35 மி.மீ. லென்ஸ் 63 பாகையும், 28 மி.மீ. லென்ஸ் 75 பாகையும் காணும். இவ்விரண்டும் அகலக்கோண வகை. 85 மி.மீ., 135 மி.மீ. போன்றவை இவற்றுக்கு மறுதலை. குறுகிய கோணத்தில் தொலைவிலிருப்பதை இழுத்துக் காட்டுபவை. நாம் மேலே சொன்ன மூதாட்டி பெரும்பாலும் இவற்றுக்குத்தான் அகப்படுவார்.

இரண்டு லென்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கால் காட்டலாம். கூத்துக் களத்தில் ஒரு வேடக்காரரை 28 மி.மீ. லென்ஸால் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுக்கிறோம் என்று கொள்வோம். அவர் நிற்கும் இடத்தில் படத்தின் அகலம் சுமார் 2.5 மீட்டர். அதே அளவில் அவர் உருவம் விழ வேண்டுமானால் 85 மி.மீ. லென்ஸுடன் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உருவம் இரண்டு படத்திலும் ஒன்றே. ஆனால் அவருக்குப் பின்னே எட்டு மீட்டர் தள்ளிக் கூட்டம் அமர்ந்திருக்கிறது என்றால், முதற்படத்தில் அந்தக் கூட்டம் ஏறக்குறைய 13 மீட்டர் அகலத்துக்கு வரும். இரண்டாவதில் ஆறு மீட்டர்தான் வரும். அதுவும் கூடுதலாகக் கலங்கியிருக்கும். முதற்படத்திலும் கூட்டம் முற்றத் தெளிவாக இராது. எனினும் பெண்கள் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், பின்னால் நிற்பது வேப்பமரமா டிராக்டரா என்பதெல்லாம் தெரியும். கருப்பொருள் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அகலக்கோணத்தை இவ்வகையில் பயன்படுத்தியவர்களில் நம் நினைவில் முதலில் நிற்பவர் ஜோசப் கூதெல்கா. 1960களில் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ரோமா மக்கள் குடியிருப்புகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, 25 மி.மீ. லென்ஸால் அவர்கள் வீடுகளுக்குள்ளேயே நின்று எடுத்தார். 1975இல் அப்படங்கள் நூலாயின. அவற்றில் மனிதர்கள் தங்கள் சுவர்களோடும் கட்டில்களோடும் படத்துக்குள் வருகிறார்கள். 1968 ஆகஸ்டில் பிராக் நகரத் தெருக்களில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது அவற்றை எடுத்தவரும் அவரே. நாடோடிகள் என்று ஊர் சொன்ன மக்களுக்கு ஒரு நிலம் உண்டு என்று அவருடைய படங்கள் வாதாடாமலேயே நிறுவின.

நிலம் இவ்வாறு. பொழுதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

லென்ஸின் துளையை எஃப் என்ற எண்ணால் குறிப்பார்கள். 1.4, 2, 2.8, 4, 5.6 என்று அந்த எண் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறையும். எண் சிறிதானால் துளை பெரிது. துளை பெரிதானால் மங்கிய வெளிச்சத்திலும் ஷட்டரை விரைந்து திறந்து மூடலாம். அதனால்தான் பெருந்துளை லென்ஸை வேகமான லென்ஸ் என்கிறார்கள். கேமராவோடு பொதுவாகக் கிடைக்கும் ஜூம் லென்ஸின் அகன்ற முனையில் துளை 3.5. அதனோடு ஒப்பிட்டால் எஃப் 2 லென்ஸ் மூன்று மடங்கும், எஃப் 1.4 லென்ஸ் ஆறு மடங்குக்குச் சற்று மேலும் ஒளியை உள்ளே விடும்.

அகலமும் வேகமும் ஒரே லென்ஸில் சேர்வது எளிதாக நடந்துவிடவில்லை. ரிஃப்ளெக்ஸ் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஆடுகிறது. குறைந்த குவிய தூரமுள்ள லென்ஸ் ஃபிலிமுக்கு மிக நெருக்கமாக அமர வேண்டும். கண்ணாடி அதற்கு இடம் தராது. 1950இல் பாரிஸ் நகரின் பியேர் ஆன்ஜெனியூ லென்ஸின் அமைப்பையே முன்பின்னாகத் திருப்பியதுபோன்ற ஒரு வடிவத்தில் 35 மி.மீ., எஃப் 2.5 லென்ஸைக் கொண்டுவந்தார். அதன் பிறகே ரிஃப்ளெக்ஸ் கேமராக்களுக்கு அகலக்கோணம் வசப்பட்டது. கண்ணாடி இல்லாத லைக்கா கேமராவுக்கு 1961இல் 35 மி.மீ., எஃப் 1.4 லென்ஸ் வந்தது. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களுக்கும் அத்தகையவற்றைச் செய்தன. அக்காலத்து லென்ஸ்கள் பல இன்றும் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன; தகுந்த இணைப்பு வளையம் இருந்தால் இன்றைய கண்ணாடியில்லாக் கேமராக்களில் அவற்றைப் பொருத்திவிடலாம். புதிதாகவும் கையால் குவியம் திருப்பும் லென்ஸ்களை ஜப்பான், கொரியா, சீன நிறுவனங்கள் செய்துவருகின்றன.

இந்த வேகம் கூத்துக்கு எதற்கு? வட மாவட்டங்களில் பங்குனியில் தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்குமேல் தொடங்கி விடியலில் முடியும். ஒரு காலத்தில் தீப்பந்தம், பிறகு பெட்ரோமாக்ஸ், பிறகு குழல்விளக்கு, இப்போது எல்.இ.டி. எந்த விளக்கானாலும் அந்த வெளிச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் இருட்டு நிற்கும். அந்த இருட்டிலிருந்துதான் வேடங்கள் களத்துக்குள் வருகின்றன. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன்னை அறிவித்துக்கொண்டு, திரை விலகத் துரியோதனன் வெளிப்படும்போது, அவனுக்குப் பின்னால் இருக்கும் இருளும் அந்த வருகையின் ஒரு பகுதி.

இந்த இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மீட்டரில் நிற்கும் வேடக்காரருக்குப் போதுமான ஃபிளாஷ், எட்டு மீட்டரில் இருக்கும் பார்வையாளரைச் சென்றடையும்போது பதினாறில் ஒரு பங்குதான். விளைவு, வேடம் வெள்ளையாக வெளுத்து நிற்கும். ஊர் முழுதும் கறுப்பாகிவிடும். கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் அந்த ஒளியைத் திருப்பி அடித்துப் படம் நெடுகப் பொட்டுகள் விழும். முகத்தில் பூசிய வண்ணம் விளக்கொளிக்கென்று தேர்ந்தெடுத்தது. நேர் ஃபிளாஷில் அது தட்டையாகிவிடும். ஒரே அடியில் நிலமும் போயிற்று, பொழுதும் போயிற்று.

இது வெறும் ரசனைக் குறைபாடு என்று கொள்ள வேண்டாம். தமிழ்த் துறையில் பணிபுரிவதால் நாட்டார் வழக்காறு குறித்த ஆய்வேடுகளைப் புரட்டும் வாய்ப்பு நமக்கு உண்டு. 1980களிலும் 90களிலும் வந்த ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் கூத்துப் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலானவை ஃபிளாஷில் எடுத்தவை. கறுப்புச் சுவர்போன்ற இருளின் முன் ஒரு வேடம். அன்று கிடைத்த வண்ணச் சுருளின் வேகத்துக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இன்று அப்படங்களிலிருந்து நாம் அறிய விரும்புவது எதுவும் கிடைப்பதில்லை. களம் எவ்வளவு பெரிது? பின்பாட்டுக்காரர் பெஞ்சு எங்கே இருந்தது? விளக்கு எத்தனை, எந்த உயரத்தில்? பெண்கள் எவ்வளவு பேர் வந்திருந்தார்கள்? களத்தின் ஓரத்தில் யார் நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள்? சாதி, பால் வேற்றுமைகள் ஓர் ஊரின் கூட்டத்தில் இடங்களாகவே வெளிப்படுகின்றன. அந்த இடங்கள் அனைத்தும் அப்படங்களில் கறுப்பு. அந்தக் கூத்துகளை அதே கூட்டத்தோடு இனி நிகழ்த்திக் காட்ட யாராலும் முடியாது.

இன்று நம்மால் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து, எஃப் 2 துளையில், வினாடியில் அறுபதில் ஒரு பங்கு வேகத்தில் குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்க முடிகிறது. அதே வெளிச்சத்தில் எஃப் 4 லென்ஸ் என்றால் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். சுழன்றாடும் கால்கள் புகையாகிவிடும். இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை நூறில் ஒரு பங்குக்கு மேல் கூட்டினால் சில படங்கள் இருண்டும் சில பட்டை விழுந்தும் வரும். ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டிய வேகம் பாதுகாப்பானது. ஆட்டத்தின் உச்சத்தில், திரும்பும் முன் உடல் ஒரு கணம் நிலைக்கும். அந்தக் கணத்துக்குக் காத்திருந்தால் இவ்வேகம் போதும். தாளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கணம் முன்கூட்டியே தெரியும்.

பொழுதைக் காக்க ஒரு திரைக்கலைஞர் எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கு ஸ்டான்லி கூப்ரிக் சான்று. பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழும் ‘பேரி லிண்டன்’ படத்தின் (1975) இரவுக் காட்சிகள் சிலவற்றை மெழுகுவர்த்தி ஒளியிலேயே எடுக்க அவர் விரும்பினார். அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸ்கள் மொத்தம் பத்தே. அவற்றில் மூன்றை வாங்கித் தம் கேமராவைச் செதுக்கிப் பொருத்தினார். ஒளி கிடைத்தது. ஆனால் அந்தத் துளையில் தெளிவின் ஆழம் மிகக் குறைவு. குவியம் திருப்புபவருக்குத் தூரம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டில் செங்கோணமாக ஒரு காணொளிக் கேமராவை வைத்தார்கள். நடிகர்கள் ஏறக்குறைய அசையாமல் அமர்ந்திருந்தார்கள். அந்தக் காட்சிகள் ஓவியம்போல் இருப்பதாகச் சொல்வோர் அந்த அசைவின்மையையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

கூத்துக்காரரை அசையாமல் உட்காரச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவரைப் பார்க்க ஆயிரம் பேர் அமர்ந்திருக்கிறார்கள். எனவே துளை மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை; கோணமும் அகன்றிருக்க வேண்டும். இரண்டு மீட்டரில் குவியம் வைத்தால் 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். மூக்கு தெளிந்தால் காது தெளியாது. அதே இரண்டு மீட்டரில் 28 மி.மீ., எஃப் 2 லென்ஸில் 1.7 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் வரை, அதாவது 60 சென்டிமீட்டருக்கும் சற்று மேல், தெளிவு கிடைக்கும். ஒரு மனிதர் முன்னே சாய்ந்து கை நீட்ட அந்த இடம் போதும். இருட்டைத் தாங்கும் துளையும் அசைவைத் தாங்கும் ஆழமும் ஒருசேரக் கிடைப்பது அகலக்கோண வேக லென்ஸில்தான்.

மூன்றாவது பண்பைப் பற்றித்தான் நண்பர்களுக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு. தானே குவியத்தைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் இவ்வளவு முன்னேறிய பிறகு எதற்காகக் கையால் திருப்ப வேண்டும்? நியாயமான கேள்வி. முந்தைய கேமராக்கள் இருட்டில் தடுமாறின. சில, குவியம் தேடுவதற்கென்றே நடிகர் முகத்தில் சிவப்பு விளக்கை அடித்தன. இன்றைய கண்ணாடியில்லாக் கேமராக்கள் நிலவொளியில்கூடக் கண்ணைக் கண்டுபிடித்துவிடுகின்றன. துல்லியத்தில் அவற்றோடு நம் விரல்கள் போட்டியிட முடியாது. எனவே துல்லியத்தைக் காரணமாகக் காட்டி நாம் வாதிட மாட்டோம்.

நம் வாதம் தூரத்தைப் பற்றியது. கையால் திருப்பும் லென்ஸின் உடலில் மீட்டர் கணக்கில் எண்கள் பொறித்திருக்கும். வளையத்தை 2 என்ற எண்ணில் நிறுத்திவிட்டால், லென்ஸ் அத்தூரத்திலேயே நிற்கும். இனி நகர வேண்டியவர் நாம்தான். கிணற்றுக் கயிற்றை மார் கணக்கில் அளந்தவர்கள் நம் முன்னோர். இரு கைகளையும் விரித்தால் வரும் ஒரு மார், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சில வாரங்கள் பழகினால் ஒரு மார் தூரம் கண்ணுக்கு வசப்பட்டுவிடும். பிறகு கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே, எதை எடுக்கப் போகிறோம், அதற்கு எங்கே நிற்க வேண்டும் என்பது தீர்மானமாகியிருக்கும். கண்ணால் பார்த்துத் திருப்புவது இந்த வகை லென்ஸில் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகலக்கோணத்தில் உருவங்கள் சிறிதாகத் தெரியும். தானியங்கிக் குவியக் காலத்து ரிஃப்ளெக்ஸ் கேமராக்களின் திரையில் எஃப் 1.4இன் நுட்பம் கண்ணுக்குப் புலப்படாது. உருப்பெருக்கிக் காட்டும் வசதி உள்ள கண்ணாடியில்லாக் கேமராக்களில் இது எளிது. ஆனால் ஆட்டத்தின் நடுவே உருப்பெருக்கிப் பார்க்க நேரம் ஏது? தூரத்தை நம்புவதே வழி.

தானியங்கி லென்ஸையும் கைநிலைக்கு மாற்றி இவ்வாறு பழகலாமே என்பார்கள். பழகலாம். ஆனால் இன்று வரும் அத்தகைய லென்ஸ்கள் பலவற்றில் தூர எண்களே இல்லை. வளையமும் மின்னணு முறையில் முடிவின்றிச் சுழல்வது. விரலுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் தெரியாமல் பழக்கம் படியாது.

தூரம் வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. ஆறு மீட்டருக்கு அப்பால் நின்று ஒருவர் முகத்தை அவர் அறியாமலே எடுத்துச் சென்றுவிடலாம். இரண்டு மீட்டரில் அது நடவாது. செய்யாறு பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளிக்கூட வராந்தாவில் வேடம் கட்டிக்கொண்டிருந்த குழுவினரை எடுக்க நண்பர்களோடு ஒருமுறை சென்றிருந்தோம். ஒரே ஒரு விளக்கு. கைக்கண்ணாடியைப் பிடித்தபடி முகத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார் குழுவின் வாத்தியார். தொந்தரவாகிவிடுமோ என்று தயங்கி வாசற்படியிலேயே நின்றோம். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஏன் சார் அங்கயே நிக்கறீங்க? கிட்ட வாங்க. நாங்க என்னா கடிச்சிடுவமா?” என்றார். சற்றுப் பொறுத்து, “கூத்துல மட்டும் அந்த லைட்ட அடிக்காதீங்க. கண்ணு கூசுச்சின்னா அடவு தப்பிடும்” என்றும் சொன்னார். “அடிக்க மாட்டோம் வாத்தியாரே” என்று உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் அருகே பவுடர் டப்பா, தேநீர்க் குவளை, பீடிக்கட்டு, சுவரில் பள்ளிக் குழந்தைகள் ஒட்டியிருந்த அறுசுவை அட்டவணை. அதன் கீழே பாதி வேடத்தில் கர்ணன். தொலைவு லென்ஸாக இருந்திருந்தால் வாசற்படியே நமக்குப் போதுமாயிருந்திருக்கும். அவரும் அழைத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு, அது வலுவானது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அகலக்கோண வேக லென்ஸ் இருக்கிறதே என்பது. உண்மை. கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் முழுச்சட்டகக் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. லென்ஸுக்கு நிகரான கோணமும், எஃப் 2ஐ ஒட்டிய அல்லது அதினும் பெரிய துளையும் கொண்டது. அதன் உணரி மிகச் சிறியது ஆகையால் தெளிவின் ஆழமும் தாராளம். எவ்விதச் செலவுமின்றி நிலம் முழுதும் படத்தில் விழும்.

ஆனால் அந்தக் கருவியைச் செய்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2016இல் ஐஃபோன் 7 பிளஸ் கைப்பேசியில் உருவப்பட வசதி வந்தது. இயல்பாகத் தெளிவாய் விழுந்த பின்னணியைக் கணக்கிட்டுக் கலைத்து, பெரிய கேமராவின் குறையை ஒரு பெருமையாக நகல்செய்யும் வசதி அது. 2018இல் கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளில் இரவுப்பட வசதியைக் கொண்டுவந்தது. பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி இருட்டை விலக்கும் முறை. வியப்பான பொறியியல்தான். ஆனால் அதன் மிகுதியில் நள்ளிரவுக் கூத்து மாலை ஆறு மணிபோல் வருகிறது. வேடம் வெளிப்படும் இருட்டு காணாமற் போகிறது. ஒன்று நிலத்தைத் துடைக்கிறது, மற்றொன்று பொழுதைத் துடைக்கிறது. இரண்டையும் அணைத்துவிட்டுக் கைப்பேசியால் எடுப்பவரிடம் நமக்கு எந்தப் பிணக்கும் இல்லை. அவர் நம் கட்சிக்காரர்தான்.

இந்த லென்ஸின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முழுத்துளையில் மூலைகள் மங்கும், இருளும். விளக்குகள் நேரே படத்துக்குள் வந்தால் பழைய பூச்சுள்ள கண்ணாடிகளில் வெண்மை படரும். ஓரத்தில் நிற்கும் முகங்கள் இழுபட்டு அகலும்; மனிதரைச் சட்டகத்தின் மூலையில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநீதி. மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகும். அது தூரத்தால் வரும் குற்றம், லென்ஸின் மேல் பழியைப் போட இயலாது. பழைய லென்ஸ் வாங்குவோர் ஒரு சிறு டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பார்க்க வேண்டும். நம் கடலோர ஈரத்தில் கண்ணாடிகளுக்கு இடையே பூஞ்சை சிலந்தி வலைபோல் பரவியிருக்கும். துளையின் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் காண வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தவறிய படங்கள் நிறைய வரும். ஓர் இரவில் நூறு படம் எடுத்தால் இருபது தேறுவது நல்ல கணக்கு. தானியங்கியில் எண்பது தேறும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அந்த எண்பதில் ஊர் தெரிகிறதா என்பதைத்தான் கேட்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தமிழ்த் துறைகளிலும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளிலும் களப்பணிக்கு மாணவர்களை அனுப்புகிறோம். ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி, வினாநிரலைப் பற்றி வகுப்பெடுக்கிறோம். கேமராவை மட்டும் எப்படியோ எடுத்துக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஒரு துறைக்கு ஓர் அகலக்கோண வேக லென்ஸ் போதும். அதை இரண்டு மீட்டரில் நிறுத்தி, ஃபிளாஷை அணைத்து, ஓர் இரவு முழுதும் முன்வரிசைக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கச் சொல்லலாம். எழுந்து நின்று யார் பார்வையையும் மறைக்க வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் ஊர், நாள், நிகழ்ந்த கூத்து, வேடம், வேடக்காரர் பெயர், அவருடைய இசைவு, இரவு எத்தனை மணி, என்ன விளக்கு ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். படத்தின் ஒரு பிரதியைக் குழுவினருக்குத் தர வேண்டும். தருவதாகச் சொல்லித் தராமல் போனவர்களைப் பற்றி ஒவ்வொரு குழுவிடமும் ஒரு கதை இருக்கிறது. பங்குனி பிறந்ததும் கொடியேற்றம் தொடங்கிவிடும். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களில் எந்த ஊரில் எந்த நாளில் பாரதம் என்பதைச் சுவரொட்டிகளே சொல்லும்.